இரண்டாவது வருஷத்துக்கு யார் பணம் கட்டுவது?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வீடுகளின் மருத்துவக் கனவும் கணக்கும்

மே மாதத்து முதல் ஞாயிறு பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கும் நீட் 5 மணிக்கு முடிந்துவிடுகிறது. அன்று இரவே ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பிய வீடுகளில் ஒரே கேள்வி எழுகிறது. "இந்த மார்க்குக்கு சீட் கிடைக்குமா?" டியூஷன் வாத்தியாரைக் கேட்கிறார்கள். போன வருஷம் மருத்துவம் சேர்ந்த பையனின் அப்பாவைத் தேடிப் போய்க் கேட்கிறார்கள். ஆளுக்கொரு பதில் வருகிறது. பதில் சொல்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது. மார்க்கை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல இயலாது.

ஒரு கணக்கைப் பாருங்கள். 2024 நீட்டில் முதலில் 67 பேர் 720-க்கு 720 எடுத்ததாக அறிவித்தார்கள். வினாத்தாள் கசிவுப் புகாரும் கருணை மதிப்பெண் வழக்கும் உச்ச நீதிமன்றம் வரை போய், திருத்திய பட்டியலில் அந்த எண்ணிக்கை 17 ஆனது. மறு வருஷம், 2025-ல், இயற்பியல் கேள்விகள் பிள்ளைகளை உலுக்கி எடுத்தன. நாட்டிலேயே முதலிடம் பிடித்தவரின் மதிப்பெண் 686. அரசுக் கல்லூரிக்கான கட்-ஆஃப் ஒரே வருஷத்தில் நூறு மதிப்பெண்ணுக்கு மேல் கீழே இறங்கியது. 2024-ல் 560 எடுத்துவிட்டு அழுத பிள்ளைக்கு, அதே 560 அடுத்த வருஷம் கிடைத்திருந்தால் வீட்டில் கேசரி கிண்டியிருப்பார்கள்.

இன்னொரு குழப்பம் 'தகுதி' என்பதில் இருக்கிறது. 2025-ல் பொதுப் பிரிவினர் தகுதி பெற 144 மதிப்பெண் போதும். தமிழ்நாட்டில் அந்த வருஷம் சுமார் 1.35 லட்சம் பேர் எழுதி, 76 ஆயிரம் பேர் தகுதி பெற்றார்கள். மாநிலத்தின் 36 அரசு மருத்துவக் கல்லூரிகளில் இருக்கும் எம்.பி.பி.எஸ். இடங்கள் ஐயாயிரத்தை ஒட்டியவை. அதில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டைச் சேர்த்தாலும் மொத்தம் ஏழாயிரத்துக்குள்தான். "எம் பொண்ணு நீட் பாஸாயிட்டா" என்று ஸ்வீட் கொடுக்கிற தகப்பனிடம் இதை விளக்கிச் சொல்வது கொடுமையான வேலை. ஆனாலும் ஒருவர் சொல்லித்தான் ஆகவேண்டும். பாஸ் என்பது வரிசையில் நிற்பதற்கான அனுமதி மட்டுமே.

முதல் மாவட்டம் என்ற பெயர்

பிளஸ் டூ தேர்ச்சி என்றால் இந்த இரண்டு ஊர்களும் இருக்கும் விருதுநகர் மாவட்டம் என்று பல பத்தாண்டுகளாகத் தமிழ்நாடு சொல்லிப் பழகியிருக்கிறது. 2018-ல் 97 சதவீதத்தைத் தாண்டி முதலிடம். 2023-ல் 97.85 சதவீதத்தோடு மறுபடியும் முதலிடம். இந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. காலை ஏழு மணிக்கே ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் ஸ்டடி, ஒவ்வொரு பாடத்துக்கும் வாரத் தேர்வு என்று ஆசிரியர்கள் உயிரைக் கொடுத்துக் கட்டிய ஒழுங்கு அது. உறவின்முறைகளும், மில் முதலாளிகளும், திருச்சபைகளும் பள்ளிக்கூடம் கட்டிய மண் இது. பி.ஏ.சி.ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அவர் பெயரில் இன்றும் கல்வி நிறுவனம் நடக்கிறது.

அந்த ஒழுங்கு பதில்களை முழுசாகப் படித்து எழுதும் தேர்வுக்காக வளர்ந்தது. 1984-ல் தொடங்கிய மாநில நுழைவுத் தேர்வை 2006-ல் கொண்டுவந்த சட்டம் நீக்கியது. 2007-லிருந்து 2016 வரை பத்து வருஷம் பிளஸ் டூ மதிப்பெண்ணே மருத்துவ இடத்தைத் தீர்மானித்தது. அந்தப் பத்து வருஷத்தைப் பொற்காலமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. அப்போதும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மிகக் குறைவாகவே உள்ளே போனார்கள். நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தள்ளி வைத்துவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருஷம் உருப்போட வைத்து இடங்களை அள்ளின. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தத் தேர்வில் ஒரு பிள்ளை தன் பள்ளிக்கூடத்தில், தன் வாத்தியாரிடம் படித்ததையே எழுதியது. முடிவும் அந்த வருஷமே தெரிந்தது.

2017-ல் நீட் தமிழ்நாட்டுக்குக் கட்டாயமானது. பிளஸ் டூவில் 1,200-க்கு 1,176 எடுத்தும் மருத்துவ இடம் கிடைக்காத அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவை அந்த வருஷம் செப்டம்பர் 1-ம் தேதி இழந்தோம். 2018-ல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகள் மொழிபெயர்ப்புப் பிழையோடு வந்தன. தமிழில் எழுதியவர்களுக்கு 196 மதிப்பெண் கூடுதலாகத் தர உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2021-ல் சட்டமன்றம் நிறைவேற்றிய நீட் விலக்கு மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றினார்கள். குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்துவிட்டதாக 2025 ஏப்ரலில் முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அரசியல் அதன் வழியில் நடக்கட்டும். வருகிற மே மாதம் எழுதப்போகிற பிள்ளைக்கு நாளைக் காலையில் என்ன செய்வது என்று தெரிய வேண்டும்.

எண்ணைப் பாருங்கள்: 12-லிருந்து 71

நீட்டின் விளைவுகளை ஆராய்ந்த நீதியரசர் ஏ.கே.ராஜன் குழு 2021 ஜூலையில் அறிக்கை கொடுத்தது. தமிழ்வழி மாணவர்களின் பங்கு சுமார் 15 சதவீதத்திலிருந்து இரண்டு சதவீத அளவுக்குச் சரிந்ததை எல்லோரும் மேற்கோள் காட்டினார்கள். அதே அறிக்கையில் இருக்கும் இன்னோர் எண்ணை நான் அதைவிட முக்கியமாக நினைக்கிறேன். 2016-17-ல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில், முந்தைய வருஷங்களில் பள்ளி முடித்துவிட்டு மறுபடி முயன்றவர்கள் 12.47 சதவீதம். 2020-21-ல் அவர்கள் 71.42 சதவீதம்.

அதாவது, சேர்கிற பத்துப் பேரில் ஏழு பேர் ரிப்பீட்டர். பிளஸ் டூ முடித்து ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ வேறெதிலும் சேராமல், சம்பாதிக்காமல், நீட்டுக்காக மட்டும் உட்கார்ந்தவர்கள். இந்த எண்ணுக்கு முன்னால் 'உங்கள் பிள்ளை கெட்டிக்காரனா?' என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. 'உங்கள் வீட்டால் எத்தனை வருஷம் பொறுக்க முடியும்?' என்பதே முதல் கேள்வி.

ஒரு மாணவியைக் கற்பனை செய்து கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஊர் சத்திரப்பட்டி. ராஜபாளையத்தை அடுத்த அந்த ஊரில் விசைத்தறிச் சத்தம் ஓய்வதில்லை. நாடெங்கும் ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி அங்கே நெய்யப்படுகிறது. அப்பா தறி ஓட்டுகிறார். அம்மா வீட்டு வேலையோடு தறி வேலையும் பார்க்கிறார். பெண் அரசுப் பள்ளியில் தமிழ்வழி, பயோ மேத்ஸ் குரூப். பிளஸ் டூவில் 600-க்கு 560. பள்ளியில் முதல் மதிப்பெண்.

நீட்டில் 180 நிமிஷத்துக்கு 180 கேள்விகள். உயிரியல் 90, இயற்பியல் 45, வேதியியல் 45. சரியான விடைக்கு நாலு மதிப்பெண், தப்புக்கு ஒன்று கழியும். உயிரியலை அவள் சமாளிப்பாள். நம் பாடப் புத்தகங்கள் 2018-க்குப் பிறகு நன்றாகத் தேறிவிட்டன. கவனமாகப் படித்தால் 90-ல் 65 வரை போடலாம். இயற்பியலில்தான் அடி விழுகிறது. நிமிஷத்துக்கு ஒரு கணக்கு என்ற வேகம் பள்ளியில் யாரும் பழக்காதது. மாதிரித் தேர்வுத் தாள்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கின்றன. முதல் தடவை அவள் 300-ஐ ஒட்டி நின்றால் அதை நான் நல்ல மதிப்பெண் என்றே சொல்வேன். தடம் தெரிந்த பிள்ளை எடுக்கிற மதிப்பெண் அது. சீட் வாங்கித் தராது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் இரண்டு வீடுகளின் வழி பிரிகிறது. வசதியுள்ள வீட்டில் அதே 300 எடுத்த பையனை ஜூன் மாதமே சென்னையிலோ நாமக்கல்லிலோ ஹாஸ்டலோடு கூடிய கோச்சிங்கில் சேர்த்துவிடுகிறார்கள். செலவு லட்சத்தைத் தாண்டும். வாரம் ஒரு முழுத் தேர்வு, இயற்பியலுக்குத் தனி வாத்தியார். அடுத்த மே மாதம் அவன் 480-க்கோ 500-க்கோ வருகிறான். சத்திரப்பட்டிப் பெண்ணுக்கு அந்த வருஷம் கிடைப்பதே போராட்டம். பதினெட்டு வயதுப் பெண் வீட்டில் சும்மா இருக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் சொல்ல ஆரம்பிப்பார்கள். ஸ்பின்னிங் மில்லில் வேலை காத்திருக்கும். வரன் வரும். பேசாமல் ஏதாவது ஆர்ட்ஸ் காலேஜில் சேர்த்துவிடுவோம் என்று அப்பா முடிவெடுத்தால், அவருடைய கூலியைத் தெரிந்தவர்கள் அவரைக் கடிந்துகொள்ள முடியாது.

அமெரிக்காவிலும் இந்தக் காத்திருப்பு இருக்கிறது. அங்கே நாலு வருஷ டிகிரி, அதற்குள் மருத்துவத்துக்கு வேண்டிய அறிவியல் பாடங்கள், பிறகு எம்கேட் என்ற தேர்வு, அதன்பின் இருபத்திரண்டு வயதில் விண்ணப்பம். சேர்கிறவர்களில் பெரும்பாலோர் நடுவில் ஓரிரு வருஷம் இடைவெளி எடுத்தவர்கள். அந்த இடைவெளியில் கையில் ஒரு பட்டம் இருக்கிறது, அதை வைத்து வேலைக்குப் போகலாம். நம் பிள்ளை கையில் பிளஸ் டூ மார்க் ஷீட் தவிர ஒன்றும் இல்லாமல் காத்திருக்கிறது.

7.5 சதவீதம் என்ன செய்தது?

இந்த இருட்டில் உண்மையாகவே வெளிச்சம் தந்தது ஒரு சட்டம். நீதியரசர் பி.கலையரசன் தலைமையிலான குழு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 சதவீதம் தனி ஒதுக்கீடு பரிந்துரைத்தது. அரசு 7.5 சதவீதம் என்று முடிவு செய்தது. ஆளுநரின் ஒப்புதலுக்குக் காத்திருந்து, 2020 அக்டோபர் 29-ல் அரசாணையே போட்டுவிட்டார்கள். மறுநாள் ஒப்புதல் வந்தது. முதல் வருஷமே 313 எம்.பி.பி.எஸ்., 92 பி.டி.எஸ். என்று 405 இடங்கள். அதற்கு முந்தைய நீட் வருஷங்களில் அரசுக் கல்லூரிகளுக்குள் போன அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இப்போது எம்.பி.பி.எஸ். மட்டும் வருஷத்துக்கு ஐந்நூறை ஒட்டி வருகிறது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது.

நம் சத்திரப்பட்டிப் பெண் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் அவள் இந்தத் தனி வரிசையில் நிற்பாள். இதற்குள்ளும் 69 சதவீத இடஒதுக்கீடு உண்டு. கட்-ஆஃப் பொதுப் பட்டியலைவிடக் கீழே நிற்கிறது. காத்திருக்க வேண்டிய காலமும் அந்த அளவுக்குக் குறைகிறது. இதுவே இந்தச் சட்டத்தின் பெரிய நன்மை என்பேன். ஒரு வருஷம் பொறுத்தால் போதும் என்ற நம்பிக்கையை அது ஏழை வீட்டுக்குக் கொடுத்தது.

இப்போது அந்தக் கணக்கில் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். அதே பெண், அதே அப்பா, அதே தறி. பள்ளி மட்டும் அரசு உதவி பெறும் பள்ளி.

அவளுக்கு 7.5 சதவீதம் கிடையாது. அவள் மாநிலத்தின் பொதுப் பட்டியலில், சென்னையின் பெரிய சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் படித்துவிட்டு இரண்டு வருஷம் கோச்சிங் போனவர்களோடு நிற்க வேண்டும். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இது சிறுபான்மைக் கதை ஆகாது. இந்த ஊர்களில் பெயர் வாங்கிய பழைய பள்ளிகளில் பல, அரசு உதவி பெறும் பள்ளிகள். அவற்றின் ஆசிரியர்களுக்கு அரசு சம்பளம் கொடுக்கிறது. பிள்ளைகளுக்கு அதே இலவசப் புத்தகம், அதே சைக்கிள். அங்கே படிக்கிறவர்களில் பெரும்பாலோர் மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளும், தறி வீட்டுப் பிள்ளைகளும், கட்டட வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளும்தான். அரசுப் பள்ளி பக்கத்தில் இல்லை என்பதாலோ, அக்கா படித்த பள்ளி என்பதாலோ ஆறாம் வகுப்பில் அங்கே சேர்ந்தார்கள். பதினோரு வயதில் அம்மா எடுத்த அந்த முடிவு பதினெட்டு வயதில் ஒரு மருத்துவ இடத்தின் விலையாக வந்து நிற்கும் என்று அன்று யாருக்குத் தெரியும்?

2022 ஏப்ரல் 7-ல் சென்னை உயர் நீதிமன்றம் 7.5 சதவீதச் சட்டத்தைச் செல்லும் என்றது. உதவி பெறும் பள்ளிகளையும் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை அங்கே பலிக்கவில்லை. நீதிமன்றத்தால் முடியாததை அரசு செய்யலாம். வேறு இரண்டு திட்டங்களில் இதே கோட்டை அரசே அழித்துக் காட்டியிருக்கிறது. அரசுப் பள்ளிகளுக்கு மட்டும் என்று தொடங்கிய காலை உணவுத் திட்டத்தை, காமராஜர் பிறந்த நாளான ஜூலை 15-ல், 2024-ம் வருஷம், ஊரகப் பகுதியின் உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு விரித்தார்கள். அடுத்த வருஷம் நகரங்களுக்கும் போனது. கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்தை 2024 டிசம்பர் 30-ல் உதவி பெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவிகளுக்கும் நீட்டித்தார்கள். பசியிலும் உதவித்தொகையிலும் இரண்டு பள்ளிகளின் பிள்ளைகளும் ஒன்று என்று ஒத்துக்கொண்ட அரசு, மருத்துவ இடத்தில் மட்டும் அவர்களைப் பிரித்து நிறுத்துவது நியாயமா? அரசுப் பள்ளிப் பிள்ளையின் 7.5-ல் கை வைக்கச் சொல்லவில்லை. உதவி பெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவர்களுக்குத் தனியாக ஒரு சிறு பங்கை ஒதுக்கலாம். கலையரசன் குழு சொன்ன பத்துக்கும் அரசு கொடுத்த ஏழரைக்கும் நடுவில் இரண்டரை சதவீதம் இன்னும் கிடக்கிறது.

பக்கத்தில் கல்லூரி வந்தால்?

2022 ஜனவரி 12-ல் பிரதமர் திறந்து வைத்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் விருதுநகர் ஒன்று. 150 இடங்கள். அதற்கு முன்பு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் மாவட்டத்திலேயே காலேஜ் வந்துவிட்டதால் நம் பிள்ளைக்கு வாய்ப்பு கூடும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த 150-ல் மாவட்டத்துக்கென்று ஓர் இடம்கூடக் கிடையாது. மாநிலம் முழுவதற்குமான தரவரிசையில்தான் நிரப்புகிறார்கள். இலங்கையில் பல்கலைக்கழக இடங்களில் 40 சதவீதம் பொதுத் தகுதிக்கும், 55 சதவீதம் மாவட்டங்களுக்கும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பிரித்துக் கொடுக்கிறார்கள். எழுபதுகளில் அங்கே தரப்படுத்தல் என்ற சேர்க்கை முறை தமிழ் மாணவர்களுக்குச் செய்த அநியாயத்தை நாம் மறக்க முடியாது. அதனால் மாவட்ட ஒதுக்கீட்டை இங்கே கேட்கும்போதும் யோசித்தே கேட்க வேண்டும். நோயாளிகளுக்கு விருதுநகர்க் கல்லூரி பெரிய வரம். பிள்ளையின் வாய்ப்பை அது தனியாக உயர்த்தவில்லை.

மதுரை எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அதன் மாணவர்கள் 2022-லிருந்து ராமநாதபுரத்தில் தற்காலிக இடத்தில் படித்தார்கள். அந்த இடங்களை நிரப்புவதும் அகில இந்தியத் தரவரிசையில்தான்.

ஊர் என்ன செய்யலாம்?

அரசின் இலவச நீட் பயிற்சி 2017-லிருந்து நடக்கிறது. அது பெரும்பாலும் பள்ளியில் படிக்கிற காலத்தோடு சுருங்கிவிட்டது. பிளஸ் டூ முடித்த மறுநாள் பிள்ளை யாருடைய கணக்கிலும் இல்லை. பள்ளியில் பெயர் இல்லை, கல்லூரியிலும் இல்லை. பத்தில் ஏழு இடங்களைத் தீர்மானிக்கிற அந்த வருஷத்துக்கு ஏழை வீட்டில் துணை யாரும் இல்லை.

இதற்குப் பெரிய கட்டடம் தேவைப்படாது. காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை திறந்திருக்கும் ஓர் அறை, ஒரு நல்ல இயற்பியல் வாத்தியார், வாரம் ஒரு முழுத் தேர்வு, தமிழில் அச்சடித்த மாதிரித் தாள்கள், பெண் பிள்ளைகளுக்கு மாலையில் பஸ் பிடிக்கத் துணை, மதியச் சாப்பாடு. நூறு பேருக்கு இதைக் கொடுக்கும் பண பலம் இந்த இரண்டு ஊர்களுக்கும் உண்டு. பள்ளிக்கூடம் கட்டிய மில்களும் சமுதாய அறக்கட்டளைகளும் இன்னும் இருக்கின்றன. முதல் மதிப்பெண் எடுத்தவருக்கு மேடையில் கேடயம் கொடுப்பதைவிட, 300 எடுத்த பிள்ளைக்கு ஒரு வருஷத்தைக் கொடுப்பதுதான் இன்றைக்குக் கல்விக் கொடை.

அரசும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025-ல் வந்த மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி பிளஸ் ஒன் பொதுத்தேர்வு நீக்கப்பட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் நீட் பிளஸ் ஒன் பாடத்திலிருந்தும் கேட்கிறது. பழைய பழக்கம் திரும்பி, பிளஸ் ஒன் பாடத்தைத் தள்ளிவிட்டுப் பிளஸ் டூவை இரண்டு வருஷம் நடத்த ஆரம்பித்தால், அடிபடுவது வெளியே கோச்சிங் போக முடியாத பிள்ளை.

இந்த ஜூன் மாதம்

பெற்றோர் கேட்பதற்கு வருகிறேன். முதல் தடவை 300-க்கு மேல் வந்து, உயிரியல் நன்றாக இருந்து, இயற்பியலில் மட்டும் விழுந்திருந்தால், எப்படியாவது இன்னொரு வருஷம் கொடுங்கள். 7.5 சதவீத வரிசையில் நிற்கிற பிள்ளையென்றால் கட்டாயம் கொடுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பள்ளிகளில் படிப்புச் சான்றை இப்போதே வாங்கி வையுங்கள். கவுன்சலிங் நேரத்தில் அதற்கு அலைகிற பாடு பெரிது. 150-க்குக் கீழே வந்து, பிள்ளைக்கே ஆசை குறைந்திருந்தால், வற்புறுத்த வேண்டாம். மூன்றாவது வருஷம் என்பது எந்தப் பிள்ளைக்கும் கனமானது. கடன் வாங்கி அதைச் செய்யாதீர்கள்.

காத்திருக்கும்போதே மற்ற வாசல்களிலும் விண்ணப்பம் போட்டு வைக்க வேண்டும். கால்நடை மருத்துவத்துக்குத் தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு இடங்களைப் பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான் நிரப்புகிறார்கள். நீட் வேண்டாம். திருநெல்வேலி ராமையன்பட்டியிலும் தேனி வீரபாண்டியிலும் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூருக்கும், தன் பெயரிலேயே ஒரு நாய் இனம் வைத்திருக்கும் ராஜபாளையத்துக்கும் கால்நடை மருத்துவர் எவ்வளவு வேண்டியவர் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பி.எஸ்சி. நர்சிங், பார்மசி இரண்டும் பிளஸ் டூ மதிப்பெண்ணில் வருபவை. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரிக்கு நீட் தகுதி வேண்டும், மதிப்பெண் எம்.பி.பி.எஸ். அளவுக்குத் தேவைப்படாது.

வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்ட் வீடு தேடி வருவார். வீட்டை அடகு வைப்பதற்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள். அங்கே படித்துவிட்டு வந்தவர்கள் இங்கே மருத்துவம் பார்க்க எழுத வேண்டிய தேர்வில், 2024 ஜூனில் தேறியவர்கள் ஐந்தில் ஒருவர்தான். உங்கள் பிள்ளை போகும் கல்லூரியிலிருந்து எத்தனை பேர் தேறினார்கள் என்று அவர் எழுதிக் கொடுக்கட்டும்.

ரிசல்ட் வருகிற வாரத்தில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பையனின் மார்க்கை அந்த வாரம் வீட்டில் பேசவே பேசாதீர்கள். மனம் தளர்ந்து தெரிந்தால் 104-க்கு அழையுங்கள், எந்த நேரமும் பேச ஆள் இருக்கிறார்கள். அந்த வாரம் கழிந்த பிறகு, அப்பாவும் அம்மாவும் பிள்ளையும் உட்கார்ந்து, அடுத்த மே வரைக்குமான பன்னிரண்டு மாதச் செலவை ஒரு தாளில் எழுதுங்கள். துண்டு விழுகிற தொகையை எடுத்துக்கொண்டு பிள்ளை படித்த பள்ளியின் தலைமையாசிரியரிடம் போங்கள், ஊர்ப் பெரியவர்களிடம் போங்கள், அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போங்கள். கூச்சம் வேண்டாம்.